கனவில் வரும் அம்மனுக்கு முகம் கொடுத்தது யார்?

"நேத்து கனவுல அம்மன் வந்தா" என்று விருதுநகர்ப் பக்கம் யாராவது சொன்னால், முகம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சள் பூசிய முகம், சிவப்புப் பட்டு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் என்று பதில் வரலாம். கருவறைச் சிலையைவிட வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் படத்துக்குத்தான் இது நெருக்கம்.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்பிடித்தது. பெட்டிக்கு லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன. அந்த அச்சுத்தொழில்தான் பிறகு நாடு முழுக்கக் காலண்டர் அனுப்பியது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் அப்படித்தான் வீடுவீடாகப் போயின.

அப்படியானால் கார்ல் யுங் சொன்ன கூட்டு நனவிலி என்னாவது? மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஆழ்படிமங்கள் மனதின் அடியில் உண்டு, 'தாய்' அதில் ஒன்று என்றார் அவர். நாமோ சிவகாசி அச்சடித்ததைத்தானே கனவு காண்கிறோம்?

யுங் இதற்குப் படிகத்தை உவமை சொன்னார். உப்பு நீரைப் பார்த்தால் அதில் எந்த வடிவமும் தெரியாது. ஆனால் உப்பு பூக்கும்போது தனக்குரிய ஒழுங்கில்தான் பூக்கும். ஆழ்படிமம் அந்த ஒழுங்கு மாதிரி. முகமும் புடவையும் ஊர் கொடுப்பது.

ஆகவே கனவில் அம்மன் எப்படி இருந்தாள் என்பதோடு, என்ன செய்தாள் என்றும் பார்க்கணும். யுங் சொன்ன தாய்க்கு இரண்டு பக்கம்: காப்பாள், விழுங்கவும் செய்வாள். தமிழில் இதற்குத் தனி விளக்கமே வேண்டாம். தாயும் 'அம்மை', நோயும் 'அம்மை'. இருக்கன்குடி மாரியம்மன் வாசலில் அன்போடு வருகிறவர்களும் பயந்து வருகிறவர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். காலண்டர் பெரும்பாலும் சிரிக்கிற பாதியை மட்டும் அச்சடிக்கிறது.

இந்த இரட்டை குணம் பிறவியிலேயே வந்ததா, அணைத்த கையே அடிக்கவும் செய்ததால் வந்ததா? கனவை மட்டும் வைத்து இதைப் பிரித்துக் காட்ட முடியாது. யுங்கின் கோட்பாட்டில் பலவீனமான இடம் இதுதான்.

ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கனவு கண்டவருக்கு அந்தப் படம் எதையெல்லாம் நினைவூட்டுகிறது என்பதை முதலில் கேட்கச் சொன்னார், புராணம் அதற்கப்புறம். பட்டாசு ஆலைக்குப் போகிற ஒரு பெண்ணின் கனவில் அம்மன் கோபமாக வந்தால், 'மகா தாய்' என்று பெயர் வைப்பது சுலபம். பக்கத்து ஆலையில் வெடி விபத்தா, பிள்ளைக்குக் காய்ச்சலா, நேர்த்திக்கடன் பாக்கியா என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.