திராட்சைப் பந்தல் படம் ஏன் இவ்வளவு எம்.பி.?

கம்பத்தில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால், போனில் இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் இலையும் குலையும் நிறைந்த பந்தல். அடுத்ததில், மேகமலைக்கு மேலே தெரியும் வெறும் நீல வானம். போன் ஒன்றுதான், படத்தின் நீள அகலமும் ஒன்றுதான். ஆனால் பந்தல் படம்தான் அதிக எம்.பி. பிடிக்கும்.

4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதினால் 36 எம்.பி. ஆகும். போன் அப்படி எழுதுவதில்லை. ஜேபெக் (JPEG) என்ற முறையில் சேமிக்கும்போது படத்தை எட்டுக்கு எட்டு சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தில் வகைக்கு 64 ஆக இருக்கும் எண்களை வேறு 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண், அந்தச் சதுரத்தின் சராசரியைச் சொல்லும். மற்றவை, உள்ளே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லும். பிறகு மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கிவிடுகிறது; கண் அதைக் கண்டுபிடிக்காது. வானத்துச் சதுரத்தில் முதல் எண் போக அநேகமாக எல்லாமே பூஜ்யம். வரிசையாக வரும் பூஜ்யங்களை ஒரே குறியால் எழுதிவிடலாம். பந்தலிலோ இலை நரம்பு, பழத்தின் மினுக்கு, நிழல் என்று ஏற்ற இறக்கம் ஏராளம். அங்கே பூஜ்யம் குறைவு.

64 எண்களை இப்படி மாற்றும் கணக்கைச் சொன்ன 1974 ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள் உண்டு: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டபோது, யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்றார்கள், பணம் கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. 1992-இல் வந்த ஜேபெக் முறை அந்த எளிய கணக்கின் மேல்தான் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் இது ஒன்று.

பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த 40 படங்களை இன்னும் சுருக்க வேண்டுமா? சில இணையப் பக்கங்கள் படங்களைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பச் சொல்லும். வேறு சில, வேலை செய்யும் நிரலை மட்டும் உங்கள் பிரவுசருக்குள் இறக்கிவைக்கும். கணக்கு முழுவதும் உங்கள் கருவியிலேயே நடக்கும். எது எந்த வகை என்று கண்டுபிடிக்கலாம். பக்கத்தைத் திறந்தபின் இணையத்தை அணைத்துவிடுங்கள். அப்போதும் படங்கள் சுருங்கினால், வேலை உங்கள் கையிலேயே நடக்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையூர்களில் இது பெரிய வசதி.

ஒரு சிக்கல் உண்டு. சுருக்குவதற்காகப் படத்தைத் திறந்தால், அது நினைவகத்தில் முழு உருவம் எடுத்துவிடும். ஒளி ஊடுருவும் அளவையும் சேர்த்து புள்ளிக்கு நான்கு எண்கள். ஒரு படம் 48 எம்.பி. நாற்பதையும் ஒன்றாகத் திறந்தால் 1920 எம்.பி.! பிரவுசர் திணறி நின்றுவிடக்கூடும். அதனால் நல்ல நிரல் இரண்டு மூன்றாகத் திறந்து, சுருக்கி, இடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்ததை எடுக்கும். அகலத்தை 1600 ஆகக் குறைத்தால் 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள்தான் மிஞ்சும். முன்பு இருந்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பூஜ்யமான எண்கள் திரும்பி வராது என்பதால் மூலப்படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

போன் சில சமயம் படம் எடுத்த இடத்தையும் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். பிரவுசரில் புதிதாகச் சுருக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனாலும் வெளியாருக்கு அனுப்பும் முன் படத்தின் விவரப் பகுதியைத் திறந்து, உங்கள் வீடோ பள்ளியோ அதில் தெரிகிறதா என்று பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பார்த்துவிடுங்கள்.