குளமும் இருப்புப்பாதையும்: திருவாரூர் நகர வரலாறு

சோழவள நாட்டிலே, தஞ்சை மாநகரிலிருந்து கீழ்த்திசை நோக்கி ஏறத்தாழ 55 கிலோ மீட்டர் புகைவண்டியிற் செல்வோர், நெல்வயல்களுக்கு நடுவே திருவாரூர்ச் சந்திப்பு நிலையத்தை அடைவர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 58,000 மக்கள் வாழும் சிறு நகரம் அது. அளவிற் சிறிதாயினும் பழமையிற் பெரிது. சியாமா சாஸ்திரிகள் (1762), தியாகராசர் (1767), முத்துசாமி தீட்சிதர் (1775) என்னும் இசைப் பெரியார் மூவரும் பிறந்த ஊர் அது. அதன் தேரைப் பற்றியும் இசையைப் பற்றியும் எழுதினோர் பலர். ஆதலின், யாம் ஈண்டு அவ்வூரின் குளத்தையும் இருப்புப்பாதையையும் பற்றியே சில கூறப் புகுந்தோம்.

கோயில், குளம், செங்கழுநீர் ஓடை ஆகிய ஒவ்வொன்றும் ஐந்து வேலிப் பரப்பின என்பது அவ்வூரார் வழக்கு. ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். அவ்வழக்கின்படி குளம் மட்டும் 33 ஏக்கர் ஆகும். கமலாலயம் எனப்படும் அக்குளத்தின் நடுவே தீவுபோல் ஒரு சிறு கோயில் நிற்கின்றது. படித்துறையில் நின்று முதன்முறை நோக்குவோர் அதனை ஏரி என்றே எண்ணுவர். யாமும் அவ்வாறே எண்ணினோம்.

இக்குளத்தின் பரப்பு தானே வந்ததன்று. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் தண்டியடிகள் என்பாரின் வரலாற்றைக் கூறுகின்றது. அவர் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். குளத்தின் பக்கங்கள் பிறர் இருப்பிடங்களால் நெருக்குண்டு குறைந்தமையை அறிந்த அவர், குளத்தினுள் ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைத் தோண்டி எடுத்துக் கரையிற் கொட்டினார் என்பது அவ்வரலாறு. நீர்நிலைகள் ஓரத்திலிருந்தே சுருங்கும் என்பதையும், அவற்றைக் காக்க ஒருவரேனும் இறங்குதல் வேண்டும் என்பதையும் நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி இருப்புப்பாதையைக் காண்போம். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரெயில்வே கம்பெனியார் 1861-62ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைத்துப் பாதை அமைத்தனர். அது திருவாரூர் வழியே சென்றமையால், அதுவரை மாட்டு வண்டியில் ஊர்ந்த நெல் விரைவிற் கடல்துறை சேர்ந்தது. 5 அடி 6 அங்குல அகலமாக இடப்பட்ட அப்பாதை 1875இல் மீட்டர் அளவினதாகக் குறுக்கப்பட்டு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் அகலமாக்கப்பட்டது.

ஆயினும் திருவாரூரைச் சந்திப்பு ஆக்கியது அப்பாதை அன்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டார், உழவர் நிலவரியோடு செலுத்திய சிறு மேல்வரியைச் சேர்த்து, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ஒரு பாதை அமைத்தனர். அது வடக்கும் தெற்குமாய் வந்து திருவாரூரிற் பழைய பாதையைக் கண்டது. பின்னர் அது அறந்தாங்கிவரை நீண்டது. நெல் விளைத்தோர் பணமே நெல் செல்லும் வழியாயிற்று. குளத்தை ஒருவர் கைம்மண் காத்தது. பாதையைப் பலர் கைக்காசு படைத்தது.

அமைத்தலினும் காத்தல் அரிது. அகலமாக்கும் பணிக்காகத் திருவாரூர்–காரைக்குடிப் பாதை பகுதி பகுதியாக மூடப்பட்டது. பல்லாண்டு வண்டியின்றிக் கிடந்த பகுதிகளும் உண்டு. 2019இலேதான் அப்பாதை முழுமையும் திறக்கப்பட்டது. அதற்குள் அவ்வழியூர் மக்கள் பலர் பேருந்துக்குப் பழகிவிட்டனர். நீரின் நிலையும் அதுவே. மேட்டூரணை திறக்கும் நாள் தாழ்ந்தால் வயல் வாடும். வாய்க்கால் தூர்ந்தால், அணை திறந்தும் குளம் நிரம்பாது.

திருவாரூர் 1997ஆம் ஆண்டு முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராய் விளங்குகின்றது. 2009இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றும் அம்மாவட்டத்திற்கு வந்தது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும் வளரும் ஊருக்கு மனை வேண்டும். மனை தேடுவோர் கண் முதலிற் குளக்கரை மீதும் வாய்க்காற் புறம்போக்கு மீதுமே விழும்.

தோழர்களே! நம்மிற் பலர் காவிரி பாயும் சிற்றூர்களினின்று வந்தவர்கள். நம் ஊர்தோறும் ஒரு குளம் உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது, நாம் சிறுவராய் நீந்திய குளம் இன்றும் அவ்வளவினதாய் உள்ளதோ என ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து பார்ப்போமாக. குறைந்திருப்பின், கண்ணுடைய நாம் செய்யத்தக்கது யாது என்பதை, கயிற்றைத் தடவி மண் சுமந்த அப்பெரியார் நமக்குக் காட்டிச் சென்றிருக்கின்றார்.