மூச்சும் மன அமைதியும்

தேர்வு மண்டபத்தில், வினாத்தாளைப் பார்த்ததுமே என் மாணவர் ஒருவருக்கு விரல்கள் மரத்துத் தலை சுற்றியது. பாதியில் எழுந்து வெளியேறினார். அச்சத்தில் நாம் வேகமாக மூச்சு விடுகிறோம். இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றலுக்கு அதுவே காரணம்.

உங்கள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரையும், விடுகையில் தளரும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தைக் கூடுதலாக அடக்குகிறது.

அப்படியானால் மூச்சையே அடக்கிவிட்டால் என்ன? சாகுபுரத்திற்கு வடக்கே, தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கித்தான் மூழ்கினார்கள். அது தொழில், அமைதிக்கு அது வழியன்று. ஞானம் பெறுமுன் புத்தரும் மூச்சை அடக்கிப் பார்த்தார். கடும் தலைவலியே மிஞ்சியது என்கிறது மச்சிம நிகாயம். பின்னர் அவர் கற்பித்த ஆனாபானசதியில் அடக்குதலே இல்லை. மூச்சு நீண்டால் நீண்டது, குறுகினால் குறுகியது என்று அறிந்துகொண்டிருந்தால் போதும். பர்மாவில் பிறந்த எஸ். என். கோயங்கா 1969-இல் இந்தியாவில் தொடங்கிய பத்து நாள் விபாசனைப் பயிற்சியிலும் முதல் மூன்றரை நாட்கள் மூச்சைக் கவனிப்பதற்கே.

பேருந்துக்குக் காத்து நிற்கும்போது பத்து மூச்சுகளை எண்ணிப் பாருங்கள். என் மனம் மூன்றாவதிலேயே உப்பளம் பக்கம் ஓடிவிடும். ஓடியதை அறிந்து, கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைப்பதும் பயிற்சியில் சேர்ந்ததே. அச்சம் அன்றாட வாழ்வையே முடக்குமானால் மருத்துவரை நாடுங்கள்.

அம்மாணவர் அடுத்த தேர்வில் மூன்று மணி நேரமும் அமர்ந்து எழுதினார். முடிவு இன்னும் வரவில்லை.