வாசலில் ஒரு கண்டிப்பான காவலர்

மாணவர்களே, ஜார்ஜ்டவுனிலிருந்து நீங்கள் அனுப்பும் படம் சிறுசிறு தரவுப் பொட்டலங்களாகப் பிரிந்து பயணிக்கிறது. வேண்டாத பொட்டலங்களை லட்சக்கணக்கில் அனுப்பிச் சேவையகத்தைத் திணறடிப்பவர்களும் உண்டு. அவற்றை வாசலிலேயே தடுக்க, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஏற்றலாம். 2014-இல் லினக்ஸில் சேர்ந்த இந்த வசதியின் பெயர் இபிபிஎஃப்.

கெர்னலில் பிழை நேர்ந்தால் கணினியே முடங்கலாம். ஆகவே நிரல் ஓடுவதற்கு முன்பே 'வெரிஃபையர்' என்னும் சரிபார்ப்பான், அது செல்லக்கூடிய வழிகளை ஆராய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பொட்டலத்தின் முன்னால் உள்ள ஈதர்நெட் தலைப்பு 14 பைட் நீளம். அதைப் படிக்கும் முன், "பொட்டலத்தில் 14 பைட்டாவது இருக்கிறதா?" என்று நிரல் சோதிக்க வேண்டும். "எப்போதும் இருக்குமே!" என்று விட்டுவிட்டால் நிரல் நிராகரிக்கப்படும். ஏன்? பொட்டலம் குட்டையாக இருந்தால், நிரல் அதற்கு வெளியே உள்ள நினைவகத்தைப் படித்துவிடும். முடிவின்றிச் சுழலும் நிரலுக்கும் அனுமதி இல்லை. விடை சரியானாலும் செய்முறை கேட்கும் கணித ஆசிரியரைப் போன்றது இது!

சரிபார்ப்பானும் தவறும். 2020-இல் நடந்த ஒரு ஹேக்கிங் போட்டியில், எண்களின் வரம்பை அது தவறாகக் கணித்ததைப் பயன்படுத்தி, ஒருவர் உபுண்டு கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றார். பின்னர் அந்தப் பிழை திருத்தப்பட்டது.

நம் பினாங்கில், 1972 முதல் இன்டெல் நிறுவனம் இயங்குகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் வலையமைப்புப் பாதுகாப்பு ஆராய்ச்சி நடக்கிறது. நாளை நீங்களும் அங்கே போகலாம். இன்றே பழகுங்கள்: பட்டியலின் 5-ஆவது பெயரை எடுக்கும் முன், அதில் 5 பெயர்கள் இருக்கின்றனவா என்று உங்கள் நிரல் சோதிக்கட்டும்.