வீடு மாறலாம், எண் மாறலாமா?

புதுமனைக்குக் குடிபோகும்போது நாம் பலவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறோம். பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கிறோம். பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்குகிறோம். எரிவாயு இணைப்பு, மின்கட்டண நிலுவை, பழைய வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் ஆகிய அனைத்தையும் கணக்குப் பார்த்து முடிக்கிறோம். தொலைபேசியும் பிராட்பேண்ட் இணைப்பும் மட்டும் அப்பட்டியலின் கடைசி வரியில் நிற்கின்றன. சாமான்கள் லாரியில் ஏறிய பிறகு நினைவுக்கு வருவதும் உண்டு.

ஒரு காலத்தில் இதனால் பெரும் தீங்கு விளைந்ததில்லை. சில நாட்கள் உறவினர் அழைப்புகள் தவறும், அவ்வளவுதான். இன்று நிலைமை வேறு. நம் வங்கிக் கணக்கின் வாயிலில் நின்று, வருபவர் உரிமையாளர்தாமா என்று சரிபார்க்கும் காவலர் நம் கைப்பேசி எண்ணே. ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. பணம் எடுக்கப்பட்ட செய்தியும் அந்த எண்ணுக்கே வருகிறது. யூபிஐ செயலி அந்த எண்ணைக்கொண்டே நம்மை அறிகிறது. ஆகவே, வீடு மாறும்போது எண்ணிலோ இணைப்பிலோ நேரும் குழப்பம் தொலைபேசிக் கட்டணத்தோடு நிற்பதில்லை. சேமிப்பு வரை நீள்கிறது.

ஊர் மாறினாலும் எண் மாற வேண்டியதில்லை

வேலை மாற்றலில் வேறு மாநிலம் செல்லும் குடும்பங்களில் இன்றும் ஒரு பழக்கம் காணப்படுகிறது. புதிய ஊரில் இறங்கியதும் அவ்வூர் சிம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழைய எண்ணை அப்படியே விட்டுவிடுவது அது. வெளியூர் அழைப்புக்கும் ரோமிங்குக்கும் தனிக் கட்டணம் கொடுத்த நாட்களில் தோன்றிய பழக்கம். அதற்கான காரணம் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே அது செல்லும். 2015 ஜூலை முதல், வட்டம் விட்டு வட்டம் சென்றாலும் அதே எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

வட்டம் என்பது மாநில எல்லையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நலம். மும்பையிலிருந்து புனே சென்றால் மாநிலம் மாறுவதில்லை, வட்டம் மாறிவிடுகிறது. டெல்லியிலிருந்து குருகிராமுக்கோ நொய்டாவுக்கோ சென்றால் மாநிலம் மாறுகிறது, வட்டம் மாறுவதில்லை.

நிறுவனத்தை மாற்ற விரும்புவோர், போர்ட் என்னும் ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டுத் தம் பத்து இலக்க எண்ணையும் தட்டச்சு செய்து, 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு கிடைக்கும். பெரும்பாலான வட்டங்களில் அது நான்கு நாட்களுக்குச் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்களேனும் இருந்திருக்க வேண்டும். மாதக் கட்டண இணைப்பாயின் நிலுவை இருத்தல் கூடாது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களிலும், வட்டம் மாறினால் ஐந்து வேலை நாட்களிலும் மாற்றம் நிறைவேற வேண்டும்.

வீட்டுத் தரைவழித் தொலைபேசிக்கு இவ்வசதி இல்லை. அதன் எண் ஊர்க் குறியீட்டோடும் தொலைபேசி நிலையத்தோடும் பிணைந்தது. சென்னையின் 044 எண் பெங்களூருக்கு வராது. ஒரே நகரத்தில் வேறு பகுதிக்குக் குடிபோனாலும் எண் மாறக்கூடும். வங்கிப் பதிவிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் தரைவழி எண்ணை மட்டுமே கொடுத்திருக்கும் மூத்த குடிமக்கள், வீடு மாறுமுன் கைப்பேசி எண் ஒன்றையும் பதிந்துவிடுவது அவசியம்.

கைவிட்ட எண் எங்கே செல்கிறது?

பழைய சிம்மை மேசை அறையில் போட்டு வைத்தால் அந்த எண் என்றும் நமக்கே உரியது என்று பலரும் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. தொடர்ந்து 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்க இயலும். அதன்பின் குறைந்தது 90 நாட்கள் கழிந்ததும் அதே எண் வேறொருவருக்கு வழங்கப்படலாம். எண்கள் நாட்டின் பொதுச் சொத்து. மீண்டும் மீண்டும் சுழற்சியில் வருபவை.

புதிதாக அவ்வெண்ணைப் பெறுபவர் எக்குற்றமும் அறியாதவராகவே இருக்கலாம். ஆயினும், நம் கணக்கில் அவ்வெண் பதிவில் இருக்கும்வரை, நம் இருப்பு விவரமும் கடவுச்சொல்லும் அவருடைய கைப்பேசிக்கே செல்லும். நமக்கோ ஒரு செய்தியும் வாராது. கணக்கில் தவறு நேர்ந்தாலும் அதை நாம் அறிவது தாமதமாகும்.

இந்தத் தாமதம் பணத்தைப் பாதிக்கும். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத நேர்வில், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் வங்கிக்கு அறிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் எனில் அவர் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும் என்று அது வகுத்தது. நாட்களை எண்ணும் இவ்விதியில், நமக்கு வர வேண்டிய செய்தி வேறொருவர் கைக்குச் செல்வது எத்தனை இடர் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முடக்கப்பட்ட எண்களின் பட்டியலைக்கொண்டு தம் பதிவேடுகளைச் சரிபார்த்துத் தூய்மை செய்யுமாறு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அது நல்ல ஏற்பாடு. எனினும், பழைய எண் நீக்கப்படும்போது புதிய எண் எதுவென்று வங்கிக்குச் சொல்ல வாடிக்கையாளரால் மட்டுமே இயலும்.

எனவே, எண்ணை மாற்றியே தீர வேண்டுமெனில், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே வங்கிப் பதிவை மாற்றுங்கள். ஆதார், வருமான வரித் தளம், வருங்கால வைப்பு நிதி, பரஸ்பர நிதி, மின்னஞ்சல் ஆகியவற்றிலும் மாற்றுங்கள். இவற்றில் பலவும் மாற்றத்தை உறுதிசெய்யப் பழைய எண்ணுக்கே கடவுச்சொல் அனுப்பக்கூடும். அவ்வெண்ணை இழந்த பிறகு தொடங்கினால், இணையத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலைக்குச் சான்றுகளோடு அலுவலகம் செல்ல நேரும்.

குடிபோகும் நாளில் சிம் மாற்ற வேண்டாம்

சிம் பழுதானாலோ தொலைந்தாலோ அதே எண்ணுக்குப் புதிய சிம் பெறலாம். ஆனால் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் பிறப்பித்த உத்தரவின்படி, புதிய சிம் செயல்படத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் வருவதும் செல்வதும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. திருட்டுத்தனமாகப் பெற்ற சிம்மைக்கொண்டு உடனே பணம் எடுப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். அதே நோக்கத்தோடு, சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் நிறுவனம் மாறவும் இயலாது என்னும் விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

குடிபோகும் நாளில் லாரி வாடகை, புதிய வீட்டு முன்பணம், ஆட்கூலி எனப் பணம் பல திசைகளில் செல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கென்று சிம்மை மாற்றினால் கடவுச்சொல் வாராது. கணக்கில் பணமிருந்தும் கை கட்டப்பட்ட நிலை ஏற்படும். மாற்ற வேண்டுமாயின் ஒரு வாரம் முன்னரே மாற்றிவிடுங்கள்; இயலாதெனில் குடியேறிய பின் மாற்றுங்கள்.

இதனினும் கவனிக்க வேண்டியது மற்றொன்று. நம் பெயரில் போலிச் சான்று காட்டி ஒருவர் மாற்றுச் சிம் பெற்றுவிட்டால், நம் கைப்பேசியில் இணைப்பு திடீரென அற்றுப்போகும். வழக்கமான நாளில் அது நம்மைத் திடுக்கிடச் செய்யும். புதிய வீட்டிலோ, ‘இங்குச் சிக்னல் கிடைப்பதில்லை போலும்’ என்று அமைதியாக இருந்துவிடுவோம். மொட்டை மாடியிலும் தெருவிலும் சென்று பார்த்தும், வீட்டில் அதே நிறுவனத்தின் பிற எண்கள் இயங்கியும், நம் எண் மட்டும் இயங்கவில்லை எனில் காத்திருக்க வேண்டாம். மற்றொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணையும் உடனே அழையுங்கள்.

இரு வீடுகளுக்கு இடையே பிராட்பேண்ட்

பிராட்பேண்ட் இணைப்பில் குழப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. இடமாற்றம், துண்டிப்பு, புதிய இணைப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு கோரிக்கைகள். ‘வீடு மாறுகிறோம்’ என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எதைப் பதிவு செய்தார் என்பது நமக்குத் தெரியாது. பழைய இணைப்பு தொடர, புதிய வீட்டில் வேறொரு கணக்கு எண்ணில் இணைப்பு வந்து, இரு கட்டணமும் ஒருவர் தலையில் விழுவது இப்படித்தான்.

முதலில், புதிய முகவரியில் அந்நிறுவனத்தின் ஒளியிழைக் கேபிள் உள்ளதா என்று கேட்டறியுங்கள். அடுத்த தெருவில் இருப்பது நம் தெருவில் இருப்பதற்குச் சான்றாகாது. அடுக்குமாடியாயின் குடியிருப்போர் சங்கத்தையும் கேளுங்கள். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தியிருந்தால், எஞ்சிய காலம் புதிய முகவரிக்கு மாறுமா, பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

துண்டிப்பதாயின், கோரிக்கையின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான ரவுட்டரை அடுத்துக் குடிவருபவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ விட்டுவராதீர்கள். அதன் வரிசை எண் குறிப்பிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அச்சீட்டு இல்லையெனில் காப்புத்தொகையைத் திரும்பப் பெறுவது கடினம்.

‘இணைப்பு இருக்கட்டும், நான் பணம் கட்டிக்கொள்கிறேன்’ என்று பழைய வீட்டுக்கு வருபவர் கேட்கலாம். நட்பின் பொருட்டும் இதற்கு இசைய வேண்டாம். அவ்விணைப்பில் நடப்பவை குறித்து விசாரணை வந்தால், முதலில் தேடப்படுவது பதிவில் உள்ள பெயரே. அதேபோல், நாம் புகும் வீட்டில் முன்பு குடியிருந்தவரின் இணைப்பு உயிரோடு இருந்தால், அதைப் பயன்படுத்தாமல் உரிமையாளருக்குத் தெரிவித்துவிடுவதே முறை.

நிற்காத பிடித்தமும் நிற்காத கட்டணமும்

தொலைபேசி, பிராட்பேண்ட் கட்டணங்களைத் தானாகப் பிடித்துக்கொள்ளுமாறு நம்மில் பலர் வங்கிக்கு ஆணையிட்டிருக்கிறோம். வீடு மாறும்போது இங்கே இரு வகைத் தவறுகள் நேர்கின்றன. இணைப்பைத் துண்டித்தவர், பிடித்த ஆணையும் தானே முடிந்துவிடும் என்று எண்ணுகிறார். பிடித்த ஆணையை நீக்கியவர், இணைப்பும் தானே முடிந்துவிடும் என்று எண்ணுகிறார். இரண்டும் தவறு. முன்னதில் பணம் போய்க்கொண்டிருக்கும். பின்னதில் நிலுவை ஏறிக்கொண்டிருக்கும், அதற்கான அறிவிப்பும் பழைய முகவரிக்கே செல்லும். இணைப்பை நிறுவனத்திடமும், ஆணையை வங்கியிடமும் தனித்தனியே முடிக்க வேண்டும். இறுதிக் கட்டணச் சீட்டு வந்து, அதைச் செலுத்திய பிறகு ஆணையை நீக்குவது சீரான முறை.

2021 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி, அட்டை, யூபிஐ வழியான இத்தகைய பிடித்தங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். விரும்பாதவர் அதை நிறுத்தலாம். ஆனால் அவ்வறிவிப்பும் பதிவில் உள்ள எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும்.

கட்டணச் சீட்டில் ஒரு கதவு எண்

புதிய இணைப்பின் முதல் கட்டணச் சீட்டு வந்ததும் பெயரையும் முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இரண்டு மாதங்களுக்கு மேற்படாத தொலைபேசி அல்லது மாதக் கட்டணக் கைப்பேசிச் சீட்டை, வாடிக்கையாளர் அறிதல் விதிகளில் முகவரிச் சான்றாக ஏற்க இடமுண்டு. அதில் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இடம் மாறியிருந்தாலோ, அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் பிறழ்ந்திருந்தாலோ, பிழை அங்கிருந்து பிற பதிவுகளுக்கும் பரவும்.

முகவரி மட்டும் மாறியிருப்பின், வங்கிக்கு வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே போதும். அம்முகவரியை வங்கி இரண்டு மாதங்களுக்குள் கடிதம் முதலிய வழிகளில் சரிபார்த்துக்கொள்ளும். ஆகவே அறிவிப்பில் எழுதும் முகவரி, அஞ்சல்காரர் வந்து சேரத்தக்கதாய் இருக்க வேண்டும். புதிய காசோலைப் புத்தகமும் அட்டையும் அவ்வழியே வர வேண்டியவை அல்லவா?

தவறு நேர்ந்துவிட்டால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் மையத்தில் முறையிட்டுப் பதிவு எண் பெறுங்கள். தீராவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். இவ்விரு படிகளும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளவை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையங்களை அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்துள்ளது. நம் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் உள்ளன என்பதை 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம். நாம் பெறாத எண் இருப்பின் அங்கேயே தெரிவிக்கலாம்.

வரிசை முக்கியம்

குடிபோகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு: புதிய முகவரியில் இணைப்பு வசதியைக் கேட்டறிதல்; எண்ணைத் தக்கவைப்பதா மாற்றுவதா என்று முடிவெடுத்தல்.

இரு வாரங்கள் முன்பு: எண் மாறுமெனில் வங்கியிலும் பிற இடங்களிலும் பதிவை மாற்றுதல், இடமாற்றம் அல்லது துண்டிப்பை எழுத்தில் கோருதல்.

குடிபோகும் வாரம்: சிம்மிலும் கைப்பேசியிலும் எம்மாற்றமும் செய்யாதிருத்தல், ரவுட்டரை ஒப்படைத்துச் சீட்டுப் பெறுதல்.

குடியேறிய ஒரு மாதத்துக்குள்: வங்கியில் முகவரியை மாற்றுதல், முதல் கட்டணச் சீட்டைச் சரிபார்த்தல், இறுதி நிலுவையைச் செலுத்திப் பழைய பிடித்த ஆணையை நீக்குதல்.

பழைய எண் வேண்டாமெனில், எல்லாப் பதிவுகளும் மாறிவிட்டன என்பதை உறுதிசெய்த பின்னும் சில மாதங்கள் சிறு தொகைக்கு மறுகட்டணம் செலுத்தி அதை உயிரோடு வைத்திருங்கள். நாம் மறந்த நிறுவனம் ஏதேனும் அவ்வெண்ணைத் தேடி வரும். அது வரும்போது செய்தி நம் கைக்கே வந்து சேரும்.