பட்டணம் பார்க்க வருகிறீர்களா? பை பத்திரம்!

சென்னைக்கு தினமும் ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒருவர். இன்டர்வியூவுக்கு ஒருவர். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம். "அப்படியே மெரினாவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும் மச்சான் ஒருவர்.

பெரும்பாலோர் ஒன்றிரண்டு நாளில் வேலையை முடித்துக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்புகிறார்கள். சிலர் மட்டும் போலீஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து திருதிருவென விழிக்கிறார்கள். பறிபோனது சினிமா பார்க்க வைத்திருந்த பணம் என்றால் பரவாயில்லை. ஆபரேஷனுக்கு என்று வட்டிக்கு வாங்கி வந்த பணம் என்றால்?

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு ஊரில் இருந்து சொந்தக்காரர் வருகிறாரா? இந்தப் பக்கத்தைக் கிழித்து கையில் கொடுங்கள்.

இறங்கியதும் முதல் வேலை

தென்மாவட்ட பஸ்கள் இப்போது கோயம்பேடு வருவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு சரி. அது வண்டலூரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் வருவதே ஒரு தனி பிரயாணம்.

விடியற்காலை 3 மணிக்கு தூக்கக் கலக்கத்தோடு இறங்குபவர்களைத்தான் புரோக்கர்கள் குறி வைக்கிறார்கள். "எங்கே சார் போகணும்? வா சார், நான் இட்டுனு போறேன்" என்று பையைத் தூக்குவார்கள். பையைக் கொடுக்காதீர்கள். நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து முகம் கழுவி, டீ குடித்து, பொழுது விடிந்ததும் மாநகர பஸ் பிடியுங்கள். தாம்பரம் வந்துவிட்டால் எலெக்ட்ரிக் ரெயில் இருக்கிறது. மாம்பலம், எழும்பூர், பார்க் என்று வரிசையாக இறக்கிவிடும்.

பெண்களுக்கு சாதாரண கட்டண பஸ்சில் டிக்கெட் கிடையாது. 2021-ல் வந்த திட்டம். வெளியூர் பெண்களுக்கும் உண்டு. இது தெரியாமல் காசை நீட்டும் பாட்டிகள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஆட்டோ என்றால், முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோ மீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு 2013-ல் நிர்ணயித்தது. அந்த ரேட்டுக்கு வருகிறவரைக் கண்டுபிடித்தால் லாட்டரி அடித்த மாதிரி! ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேசும்போது "ஊருக்குப் புதுசு" என்று மட்டும் சொல்லக்கூடாது. தவறவிட்ட நகைப் பையைத் தேடிப்பிடித்து போலீசில் ஒப்படைத்த ஆட்டோ டிரைவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கீழே கிடக்கும் 10 ரூபாய்

"அண்ணே, உங்க பணம் கீழே விழுந்திருக்கு பாருங்க!"

பஸ் நிறுத்தத்தில், பேங்க் வாசலில், காரில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு குரல் வந்தால் குனியாதீர்கள். கீழே நாலைந்து 10 ரூபாய் நோட்டுகள் கிடக்கும். அதைப் பொறுக்க குனிந்த நேரத்தில் பக்கத்தில் வைத்த பை மாயமாகிவிடும். ஐம்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஐம்பதாயிரத்தைக் கோட்டை விட்டவர்களின் கதை போலீஸ் நிலையங்களில் ஏராளம். முதுகில் "அசிங்கம்" பட்டிருக்கிறது என்று சொல்லி கழுவ தண்ணீர் பாட்டிலை நீட்டும் டிப்-டாப் ஆசாமியும் இந்தக் கும்பலில் சேர்த்திதான்.

வயதான அம்மாக்களுக்கு வேறு தந்திரம். "நாங்க மப்டி போலீஸ். முன்னாடி தெருவில் கலாட்டா நடக்குது. நகையைக் கழற்றி பத்திரமா வச்சிக்கோங்கம்மா" என்பார்கள். அவர்களே பேப்பரில் மடித்தும் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே ஜல்லிக்கல்! எந்த போலீசும் நடுரோட்டில் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. சொன்னால் சத்தம் போட்டு ஆள் கூட்டுங்கள். 100 அல்லது 112-க்கு போன் அடியுங்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பர்சை பின் பாக்கெட்டில் வைப்பவர் அதை தானம் கொடுக்க வந்தவர் என்றே கருதப்படுவார். குழந்தையின் சட்டைப் பையில் அப்பாவின் செல் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். மாம்பலம் ரெயில் நிலையத்தில் இறங்குபவர்கள் தெருவுக்குள் நசுங்காமல், 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக பஸ் நிலையம் வரை போய்விடலாம்.

கடற்கரையில் மணல் இல்லை!

ஊர்ப் பெயர்களில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது.

எலெக்ட்ரிக் ரெயிலில் "கடற்கரை" என்று போர்டு இருக்கும். மெரினா என்று நினைத்து பிள்ளை குட்டிகளோடு போய் இறங்குகிறார்கள். அங்கே மணலும் இல்லை, சுண்டலும் இல்லை. எதிரே துறைமுகம்தான்! மெரினாவுக்கு பறக்கும் ரெயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்ற நிலையங்களில் ஒன்றில் இறங்க வேண்டும். "பார்க்" என்ற நிலையமும் அப்படித்தான். சென்ட்ரலுக்குப் போக இறங்கும் இடம் அது.

"ஜெமினி" என்று கண்டக்டர் கத்துவார். ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருப்பது 1973-ல் கட்டிய அண்ணா மேம்பாலம். போர்டில் அண்ணா சாலை என்றிருக்கும், வாயில் மவுண்ட் ரோடு என்று வரும். இரண்டும் ஒன்றே.

மெரினாவைத் தேடி கடற்கரை நிலையத்தில் இறங்கியவர்கள் அப்படியே பர்மா பஜாரில் நுழைந்துவிடுவார்கள். பர்மாவில் இருந்து வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களில் ஏற்பட்ட பஜார் இது. கடைக்காரர்கள் கடை போட்டு நியாயமாக வியாபாரம் செய்கிறார்கள். வில்லங்கம் பிளாட்பாரத்தில்தான். "கப்பல்ல வந்த போன் சார், பாதி விலை" என்று காதோரம் கிசுகிசுக்கும் ஆசாமி காட்டுவது ஒன்று, பெட்டியில் போட்டுத் தருவது ஒன்று. ரூமுக்குப் போய்த் திறந்தால் சோப்புக்கட்டி!

அலையோடு விளையாட்டு வேண்டாம்

பணம் போனால் சம்பாதிக்கலாம். மெரினாவில் போவது உயிர்.

துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானதுதான் இந்தக் கடற்கரை. பார்க்க சாது. ஆனால் தண்ணீருக்குள் தரை சட்டென்று சரியும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் காலடி மணலை திரும்பிப் போகும் அலை அரித்துக்கொண்டு போய்விடும். தடுமாறி விழுந்தால் அடுத்த அலை உள்ளே இழுக்கும். கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் அடித்தவர் என்றாலும் இந்த இழுப்பில் கை ஓய்ந்துவிடும். நண்பனைக் காப்பாற்ற குதித்தவனும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கும் சோகம்.

அதனால்தான் இங்கே குளிக்கத் தடை. போலீசார் விசில் அடித்தால் "நம்மை மிரட்டுறாங்க" என்று முறைக்காமல் மேலே வாருங்கள். கால் நனைக்கிற ஆசைக்கு கால் நனைத்தால் போதும்.

மற்றபடி அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி நினைவிடங்கள், 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலை எல்லாம் நடந்தே பார்க்கலாம். குதிரையில் ஏறும் முன்பு ரேட் கேளுங்கள். இறங்கிய பிறகு கேட்டால் குதிரை விலை சொல்வார்கள்.

பூட்டிய கதவைப் பார்க்கவா வந்தீர்கள்?

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. நடராஜர் உள்ளிட்ட செப்புச் சிலைகளுக்காகவே அரை நாள் ஒதுக்கலாம். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு செவ்வாய் லீவு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் டிராபிக்கைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

லாட்ஜ் எடுப்பவர்கள் ஆதார் அட்டை கொண்டுவர வேண்டும். ரூமைப் பார்த்த பிறகே அட்வான்ஸ். வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள். இதில்தான் கடைசி நாளில் சண்டை வரும்.

சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் "எனக்கு டாக்டரைத் தெரியும், சீக்கிரம் பெட் வாங்கித் தரேன்" என்பவரிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். உள்ளே போய் கவுன்டரில் சீட்டு போடுங்கள். கூட இருப்பவர்களுக்கு அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறது.

ஊர் திரும்பும்போது டிக்கெட்டை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். எழும்பூரில் கிளம்பும் ரெயிலுக்கு சென்ட்ரலில் காத்திருந்து கோட்டை விடுபவர்கள் உண்டு. டிக்கெட்டில் எம்.எஸ். என்றிருந்தால் எழும்பூர். எம்.ஏ.எஸ். என்றிருந்தால் சென்ட்ரல். டி.பி.எம். என்றால் தாம்பரம். தப்பான நிலையத்துக்கு வந்துவிட்டால் பதறாதீர்கள். சென்ட்ரலுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் எழும்பூர்தான். தாம்பரம் என்றால் மட்டும் கஷ்டம், கையில் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.