சித்தப்பாவுடன் சொகுசு கப்பல் டூரா? அப்பா, அம்மா கையெழுத்து இல்லைன்னா சிக்கல்!

சென்னை:
லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்ற காலம் மலையேறிவிட்டது. 2022 ஜூனில் சென்னை துறைமுகத்தில் இருந்து கார்டிலியா சொகுசு கப்பல் கிளம்பியதில் இருந்து நம்மூர்க்காரர்களுக்கும் கப்பல் ஆசை தொற்றிக்கொண்டது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து 3, 4 நாள் கப்பலில் சுற்றி வருபவர்களும் உண்டு.

அப்பா, அம்மா இருவரும் கூடப் போனால் தொல்லை இல்லை. சித்தப்பா, அத்தையுடன் பிள்ளைகளை அனுப்பும்போதுதான் சிக்கல். 'சொந்த சித்தப்பாதானே, யார் கேட்கப்போறாங்க?' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

கேட்பாங்க! பிள்ளைக் கடத்தலுக்குப் பயந்து போட்ட கெடுபிடி இது. சம்மதக் கடிதம் இல்லாவிட்டால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடலாம். கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது.

நம்மவர்களுக்கு இன்னொரு வம்பும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும். சித்தப்பா பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் இருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் சொந்தம் என்று எப்படித் தெரியும்? அம்மா மட்டும் கூட்டிப்போனாலும் இதே கதைதான். அதனால் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கணும்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கூட்டிப்போகிறவர் என்ன உறவு, கப்பல் பெயர், தேதி, பெற்றோர் போன் நம்பர் எல்லாம் வேண்டும். கப்பல் கம்பெனியே படிவம் வைத்திருந்தால் அதையே நிரப்புங்கள். அவசர சிகிச்சைக்குச் சம்மதம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நடுக்கடலில் பிள்ளைக்கு ஒண்ணுன்னா கப்பல் டாக்டர் யாரைக் கேட்பார்?

'பாஸ்போர்ட் எடுக்கும்போதே அனெக்சர் டி கொடுத்தாச்சே' என்பவர்கள் உண்டு. அது பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான், இங்கே செல்லாது. 2016 டிசம்பரில் விதி மாறியதில் இருந்து அதை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நோட்டரி தேவையில்லை. கப்பல் கடிதம் அப்படி இல்லை. பல கம்பெனிகள் நோட்டரி முத்திரை கேட்கின்றன. முத்திரை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

அப்பா துபாயில் வேலை பார்க்கிறாரா? அங்குள்ள இந்திய துணைத் தூதரகம் மூலம் கையெழுத்தைச் சான்று செய்து வாங்கலாம். விவாகரத்து ஆனவர்கள், பிள்ளை யார் பொறுப்பு என்ற கோர்ட்டு உத்தரவு நகலை வைக்க வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

இவற்றை பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். அதைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வர மணிக்கணக்காகும். ஒரிஜினல் எல்லாம் கைப்பையில்தான்.